கதிரையும் கொப்பியும்: மலையக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும்,

வணக்கம். நம் இலங்கை மலையகத்தில் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் பதுளையிலும் பண்டாரவளையிலும், பஸ் எட்டிப் பார்க்காத தோட்ட டிவிசன்களிலும் படிப்பிக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கல்வி அமைச்சுக்கு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே போகிற கடிதத்துக்குக் கிடைத்தது என்று ஒரு பதில் வரும், அதோடு சரி. நான் கேட்கப்போகிற காரியத்துக்குச் சுற்றுநிருபமும் வேண்டாம், காசும் வேண்டாம். அதனால் நேரே உங்களிடமே வருகிறேன்.

விஷயம் சி.வி. வேலுப்பிள்ளையைப் பற்றியது. அவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிற துணிச்சல் எனக்கில்லை. ஆனால் நாம் அவரை எப்படி ஞாபகத்தில் வைத்திருக்கிறோம் என்று கொஞ்சம் பாருங்கள். அவர் பிறந்த நாளான செப்டெம்பர் 14 வந்தால் படத்துக்கு ஒரு மாலை, 'மக்கள் கவிமணி' என்று ஒரு பேச்சு. பேசுகிறவர் தொழிற்சங்கக்காரர் என்றால் சி.வி. சங்கத் தலைவராகிவிடுவார். அரசியல்வாதி என்றால் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினராகிவிடுவார். எழுத்தாளர் என்றால் மலையக இலக்கியத்தின் முன்னோடி. எல்லாம் உண்மைதான். அவர் ஆசிரியராகத் தொடங்கியவர் என்பது மட்டும் அறிமுக உரையில் ஒரு வரியோடு போய்விடும். அந்த ஒரு வரியில்தான் மற்ற மூன்றுக்கும் வேர் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

1914 இல் வட்டகொடைக்குப் பக்கத்தில் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். பெரிய கங்காணியின், அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய தலைமை ஆளின், பேரன். இதைச் சொல்ல நம்மில் பலர் தயங்குகிறார்கள், மறைக்க வேண்டிய விஷயம்போல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய கங்காணி வீட்டுப் பிள்ளை அந்தக் காலத்தில் படிக்கலாம், பட்டணத்துக்குப் போகலாம், இங்கிலிஷ் பேசலாம், அப்புறம் தொழிலாளர்கள் வரிசை அறைகளில் குடியிருக்கிற லயத்துப் பக்கம் தலைவைத்தும் பார்க்காமல் இருக்கலாம். அப்படி இருந்தவர்கள் நிறையப் பேர். சி.வி. படித்தார், கொழும்புக்கும் போனார், நல்ல இங்கிலிஷும் எழுதினார். 1934 இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, இருபது வயதுகூட நிறையாத பையன், தான் எழுதிய இசைநாடகத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தான். இவ்வளவும் செய்துவிட்டு லயத்துக்குத் திரும்பி வந்தார். அந்தத் திரும்பி வருதல்தான் அவருடைய முதல் கவிதை என்று சொல்லத் தோன்றுகிறது. கொஞ்சம் மிகையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்பது உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத்தில் ஆறிலிருந்து பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வேண்டியது துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், பொறுப்பு என்றது. சட்டம் அப்படிச் சொல்லிற்று. நடப்பில் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், எல்லா வகுப்புக்கும் ஒரே கரும்பலகை. வாத்தியாருக்குச் சம்பளம் தோட்டத்துக் கணக்கிலிருந்து. பத்து வயதானால் பிள்ளை கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய்விடும். 1945 இல் நாடு முழுக்க இலவசக் கல்வி வந்தது என்று நீங்களே வகுப்பில் பாடம் நடத்துகிறீர்கள். அந்த இலவசக் கல்வி தோட்டத்து வாசலோடு நின்றுபோயிற்று. நம் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். இடையில் ஒரு தலைமுறை முழுசாகக் கழிந்துவிட்டது.

அப்படிப்பட்ட பள்ளியில் வாத்தியாருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது பாதி வேலைதான். மீதி நேரம் ஊருக்குக் கடிதம் எழுதுவது. திருச்சிக்கும் சேலத்துக்கும் புதுக்கோட்டைக்கும் போகிற கடிதங்கள். ஒரு அம்மா வந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதுவார். வந்த கடிதத்தை வாசித்தும் காட்டுவார். சாவுச் செய்தியும் அவர் வாயால்தான் வரும், கடன்காரன் செய்தியும் அவர் வாயால்தான் வரும். லயத்தில் ஒவ்வொரு காம்பராவின் துக்கமும் தெரிந்த ஒரே வெளியாள் அவர்தான். துரைக்குத் தெரியாது, கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்தாலும் அவர் அதைச் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் எழுதமாட்டார்.

பிறர் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதுகிற இந்தப் பழக்கம்தான் சி.வி.யை மற்றத் தலைவர்களிடமிருந்து பிரிக்கிறது. அவர் எழுதிய மனிதச் சித்திரங்களை வாசித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அவற்றில் தொழிலாளி 'பாட்டாளி வர்க்கம்' என்று கூட்டமாக வரமாட்டார். பேரோடு, குணத்தோடு, கொஞ்சம் குறும்போடு தனியாளாக வருவார். மேடையில் நின்று பார்த்தால் கூட்டம்தான் தெரியும். ஒவ்வொரு முகமாகத் தெரிய வேண்டுமென்றால் வகுப்பில் பேர் பேராக இடாப்பு வாசித்த பழக்கம் இருக்க வேண்டும்.

சரி, அரசியலுக்கு வருகிறேன். 1939 இல் நேரு வந்துபோன சமயத்தில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. அடுத்த ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரால் சுடப்பட்டு இறந்தார். தோட்டத்துக்குள் சங்கம் என்ற சொல்லையே உச்சரிக்கப் பயந்த சனம் அதற்குப் பிறகு சங்கம் சேர்ந்தது. 1947 பொதுத் தேர்தலில் மலையகத்திலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். தலவாக்கலைத் தொகுதிக்கு நம் வாத்தியார். வயது 33.

அதற்கு அடுத்த வருடம் சுதந்திரம். அதே வருடம் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949 இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். பிரஜை இல்லாதவருக்கு வாக்கில்லை. 1946 குடிசனக் கணக்கில் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் ஏழு லட்சத்து எண்பதாயிரம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

இந்த வரலாற்றை நீங்கள் வகுப்பில் சட்ட இலக்கங்களாகத்தான் நடத்துகிறீர்கள், பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஒரு பிள்ளையிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நீ ஒரு தொகுதிக்கு எம்.பி. உனக்கு வாக்குப் போட்ட ஆள் இனிமேல் இந்த நாட்டுக்காரன் இல்லை என்று நீ இருக்கிற சபையே சட்டம் போடுகிறது. உன் பதவி போகவில்லை, 1952 வரை கதிரை உனக்குத்தான். அந்தக் கதிரையில் நீ என்ன செய்வாய்? பத்தாம் வகுப்புப் பிள்ளை அன்று இரவு முழுக்க யோசிக்கும். சி.வி. அந்தக் கதிரையில்தான் மிச்ச வருடங்களைக் கழித்தார்.

1952 இல் அவருடைய கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தது. மாதக்கணக்கில் நடந்தது, பலன் இல்லை. அந்தத் தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை. வாக்காளர் இடாப்பில் ஆளே இல்லாதபோது எங்கிருந்து தெரிவாவது? அதற்குப் பிறகு நம் சனம் வாக்குப் போட்டு ஒருவரை அனுப்பியது 1977 இல்தான், நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமானை. இடையில் கால் நூற்றாண்டு. அந்தக் கால் நூற்றாண்டுக்குள்தான் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 1964 அக்டோபரில் இரண்டு பிரதமர்கள் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைக் காகிதத்தில் பங்கு பிரித்தார்கள்: ஐந்தே கால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று. பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் என்னோடு சிலர் முரண்படுவார்கள். சி.வி. பதவி போனபிறகு எழுத்துக்குப் 'போய்விட்டார்' என்று சொல்வதுண்டு, தோற்றவன் திண்ணையில் உட்கார்ந்து பாட்டுக் கட்டினான் என்கிற மாதிரி. அது சரியில்லை. அவர் சங்க வேலையை விடவே இல்லை, பிறகு தொழிலாளர் தேசிய சங்கத்தில் இருந்தார், அதன் 'மாவலி' இதழையும் நடத்தினார். எழுத்தும் சங்கமும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு கைகள்.

1954 இல் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அவருடைய நெடுங்கவிதை இங்கிலிஷில் வெளிவந்தது. ஏன் இங்கிலிஷில் என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் ஊகத்தைச் சொல்கிறேன்: நம் சனத்துக்கு நம் துக்கத்தைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சொல்ல வேண்டியது, ஏழு லட்சம் பேரின் பேரைக் காகிதத்திலிருந்து அழித்தவர்களிடம். அவர்கள் கொழும்பில் இங்கிலிஷில்தான் வாசித்தார்கள். பாராளுமன்றத்தில் சொன்னது எடுபடவில்லை, அச்சில் சொல்லிப் பார்த்தார். சக்தீ பால ஐயா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தபிறகுதான் அது லயத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கவிதையில் தேயிலைக்கு அடியில் புதைந்து மண்ணோடு மண்ணான முன்னோர்களை அவர் பேசுவார். அவர்களுக்கு ஒரு கல்லறையை மனிதன் எவனும் கட்டவில்லை, கடவுள்தான் புல்லால் மூடிவிட்டார் என்பது அதன் சாரம். தமிழில் அதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம், அவ்வளவு எளிது. வாசித்த பிறகு என்ன விளக்கம் சொல்வது என்பதுதான் கஷ்டம்.

நாவல்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 'வீடற்றவன்' சங்கம் சேர்த்த குற்றத்துக்காகத் தோட்டத்தைவிட்டுத் துரத்தப்பட்டவன் கதை. நூலகத்தில் கிடைத்தால் எடுத்து வாசியுங்கள், ஆரம்பம் கொஞ்சம் இழுக்கும், பிறகு விடாது.

நான் முக்கியமாக நினைப்பது அவர் தொகுத்த நாட்டார் பாடல்களை. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு, கங்காணியைத் திட்டுகிற பாட்டு, துரையைக் கிண்டலடிக்கிற பாட்டு எல்லாவற்றையும் தேடித் தேடி எழுதி வைத்தார். 1980களின் தொடக்கத்தில் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக வந்தது. கொஞ்ச நாளில், 1984 நவம்பரில், அவரும் போய்விட்டார்.

அந்தப் பாட்டுகளில் ஒன்று உங்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஒரு பெண் தூரத்தில் ஒரு மலையைக் காட்டுகிறாள். அங்கே கோப்பிக் கன்று நட்டார்கள், அங்கேதான் நான் என் அண்ணனைத் தொலைத்தேன், அதோ தெரிகிறது பார் என்கிறாள். நாலே வரி. கோப்பியை நோய் பிடித்தது 1869 இல். அடுத்த இருபது வருடத்துக்குள் மலை முழுக்கத் தேயிலை. ஆகவே இந்தப் பாட்டு, அல்லது இதன் முதல் வடிவம், கோப்பிக் காலத்தின் சங்கதி. அதைத் தேயிலைக் காலத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்துக்கொண்டே பாடி வந்திருக்கிறார்கள். துரைமார் எழுதிய புத்தகங்களில் கோப்பி ஏக்கர் எவ்வளவு, ஏற்றுமதி எவ்வளவு என்று எல்லாம் உண்டு. அண்ணனைத் தொலைத்த கணக்கு பாட்டில் மட்டும்தான் இருக்கிறது. எழுத்தறிவில்லாத ஒரு சனம் தன் ஆவணக்காப்பகத்தைத் தொண்டையில் வைத்திருந்தது, ஒரு வாத்தியார் வந்து அதற்குப் படியெடுத்தார்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அந்தப் படியெடுக்கிற வேலையை நீங்கள் தொடர வேண்டும்.

சி.வி. ஒரு ஆள், அவருக்குக் கால் நடையும் ரயிலும்தான். நீங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறீர்கள். உங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் முப்பது நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் பலர் வீட்டில் ஒரு அம்மாயியோ அப்பாயியோ தாத்தாவோ இருக்கிறார். இனி எத்தனை வருடம் இருப்பார்கள்? 2023 இல், நம் சனம் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடமானதை நினைத்து, அவர்கள் நடந்து வந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனோம், நல்ல காரியம். நடந்து முடித்து வீட்டுக்கு வந்தால், அந்தப் பாதையைத் தன் பாட்டி சொல்லக் கேட்ட கடைசிக் கிழவி மூலையில் உட்கார்ந்திருக்கிறார், கேட்க ஆளில்லை.

நானும் கேட்க முயன்றவன்தான், அதனால் ஒரு அனுபவத்தைச் சொல்லிவைக்கிறேன். எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் ஒரு அம்மாயி. ஒப்பாரி சொல்வதில் அந்த டிவிசனிலேயே அவரை அடிக்க ஆளில்லை. போனை எடுத்து முன்னால் நீட்டி, "ஒரு பாட்டுப் பாடுங்க" என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். "செத்த வீடு இல்லாம ஒப்பாரி வைக்கக் கூடாது சாமி, வீட்டுக்கு ஆகாது" என்பார். அதிலும் நியாயம் உண்டு. ஒரு நாள் அவர் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது சும்மா பக்கத்தில் உட்கார்ந்து நானும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுக்கிக்கொண்டே ஏதோ முனகத் தொடங்கினார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களைக் கேலி செய்கிற பாட்டு. கடைசி வரியில் கெட்ட வார்த்தை ஒன்று வர, சட்டென்று நிறுத்திவிட்டு, "நீ இன்னும் இங்கதான் இருக்கியா?" என்றார். கேட்கப் போகிறவன் வேலையோடு வேலையாக இருக்க வேண்டும். பேரப்பிள்ளைக்கு அது தானாக அமையும். அதனால்தான் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள் என்கிறேன்.

தமிழ்ப் பாடத்தில் ஒப்படை கொடுக்கத்தானே வேண்டும்? 'நீர் வளம்' என்று கட்டுரை எழுதச் சொல்வதற்குப் பதிலாக ஒரு தவணைக்கு இதைக் கொடுங்கள். வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒரு பாட்டு, அல்லது ஒரு விடுகதை, அல்லது இந்தத் தோட்டத்துக்கு முதல் முதல் வந்தவர் யார், எந்த ஊர் என்ற கதை. தோட்டத்து மலைகளுக்கு நம் சனம் வைத்த பெயர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். துரையின் வரைபடத்தில் இலக்கம் மட்டும் இருக்கும். இலக்கத்துக்குப் பின்னால் கோயில் மலை, குருவி மலை என்று ஒரு பெயர் இருக்கும், யாரோ விழுந்து செத்ததற்காக வைத்த பெயரும் இருக்கும். மாசியில் காமன் கூத்து ஆடுகிற தோட்டமென்றால் வேலை இன்னும் சுலபம். ரதி மதன் வேஷம் கட்டுகிறவர்களுக்குப் பாட்டு மனப்பாடம். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

ஒரு கெஞ்சல். பிள்ளை எழுதிக்கொண்டு வருவதில் சிவப்புப் பேனாவை வைக்காதீர்கள். கிழவி 'தோத்த' என்றால் 'தோத்த'தான், 'தொலைத்த' என்று திருத்த வேண்டாம். சிங்களச் சொல், தெலுங்குச் சொல், துரை பேசிய இங்கிலிஷ் உடைந்து கிடப்பது, எல்லாம் அப்படியே இருக்கட்டும். கெட்ட வார்த்தை வந்தால் பிள்ளைக்கு ஒரு புள்ளிக் கோடு போடச் சொல்லிக்கொடுங்கள், அசல் வார்த்தையை நீங்கள் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். சாதியைச் சொல்லி இழிக்கிற பாட்டுகளும் வரும். அவற்றை வகுப்பில் சத்தமாக வாசிக்க வைக்காதீர்கள், ஆனால் கிழித்தும் போடாதீர்கள். நம்மிடம் அதுவும் இருந்தது, இருக்கிறது.

இனி, அரசியலுக்குப் போக யோசிக்கிற ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. போங்கள். வாத்தியார் நின்றால் சனம் நம்பி வாக்குப் போடும், அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு நமக்கு வாக்கு இருக்கிறது. எஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரஜாவுரிமைக்கு 2003 இல் சட்டம் வந்தது. நம்மிடம் இல்லாதது வேறு. மேடையில் ஏறியதும் நம் ஆசிரியர்களுக்குக் குரல் மாறிவிடுகிறது. பாடசாலையில் பிள்ளை சொல்வதைக் குனிந்து கேட்டவர், மைக் கிடைத்த மறுநாள் சனத்தைப் பார்த்து "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று பேசத் தொடங்கிவிடுகிறார். சம்பளப் பிரச்சினை, காணி, வீடு, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருக்கும், கேள்வி இருக்காது. லயத்தில் மழை ஒழுகுகிற இடத்தைக் கேட்காமலே வீட்டுத் திட்டம் வரும். சி.வி. பாராளுமன்றம் போன பிறகும் பாட்டுக் கேட்டுக் கொண்டுதான் இருந்தார். தேர்தலில் நிற்கிற ஆசிரியரிடம் என் தனிப்பட்ட பரீட்சை இதுதான்: உங்கள் தொகுதியில் ஒரு கிழவி பாடிய ஒரு பாட்டை, அவர் பெயரோடு சொல்லுங்கள். தெரிந்தால் என் வாக்கு உங்களுக்கு, கட்சி எதுவானாலும்.

ஒப்படைத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பாடியவர் பெயர், வயது, தோட்டம், டிவிசன். யாரிடம் கற்றார். எந்த வேலை செய்யும்போது, எந்தச் சமயத்தில் பாடுவது. எழுதிய பிள்ளையின் பெயரும் தேதியும். பாடியவர் பெயர் வெளியே வரக்கூடாது என்று சொன்னால் அதையும் எழுதிவைத்து மதியுங்கள். ஒரு வகுப்பின் தாள்களை ஒரே கொப்பியாகத் தைத்துப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள், ஒரு பிரதியைப் பக்கத்துப் பாடசாலைக்குக் கொடுங்கள். ஒரு கட்டடத்துக்கு மழையோ மண்சரிவோ வந்தால் மற்றதில் மிஞ்சும். போனில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது, ஆனால் போனை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

"எங்க வீட்ல யாருக்கும் பாட்டுத் தெரியாது சேர்" என்று சில பிள்ளைகள் வெறுங்கையோடு வருவார்கள். அவர்களை, "உன்னைத் தூங்கவைக்க என்ன பாடினாங்க?" என்று மட்டும் வீட்டில் கேட்டுவரச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
கொட்டகலையிலிருந்து உங்கள் பழைய மாணவன் ஒருவன்